புறவாசல் முருங்கையும் புட்டி மாத்திரையும்

வள்ளியூர்ப் பக்கத்தில் புறவாசலில் முருங்கை நிற்காத வீடு அரிது. அப்படியிருந்தும், இரத்தச்சோகை என்று மருத்துவர் சொன்ன பிறகு, மகள் வாங்கி அனுப்பிய முருங்கை இலை மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கினேன். இப்போது கீரைக்கே திரும்பிவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சுவையையும் விலையையும் பற்றிப் பேச ஒன்றுமில்லை. என் மனத்தை மாற்றியது அளவு. மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் பொடி. நாளுக்கு இரண்டு என்றால் ஒரு கிராம். பச்சை இலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர் என்பதால், அந்த ஒரு கிராம் பொடிக்கு நான்கைந்து கிராம் இலை போதும். ஓர் இணுக்கை உருவினால் கிடைத்துவிடும். சிறுபருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துத் துவட்டினாலோ, ஓர் ஆளுக்கு 50 கிராம் இலையாவது தட்டில் விழும். பச்சை இலையைவிடப் பொடியில் கால்சியமும் இரும்பும் பன்மடங்கு என்று புட்டியில் அச்சிட்டிருப்பது எடைக்கு எடை உண்மைதான். ஆனால் அந்த எடையை யார் விழுங்குகிறார்கள்? உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கீரையிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது, அது சேர வைட்டமின் சி துணைசெய்யும் என்பதால் இந்த இழப்பும் சிறியதன்று. துவட்டும்போதும் அதில் ஒரு பகுதி போய்விடுவதால், நான் நெல்லிக்காய்த் துவையலைச் சேர்த்துக்கொண்டு, உண்டவுடன் காப்பி குடிப்பதை விட்டுவிட்டேன்.

கீரையிலும் தொல்லை உண்டு. ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். ஆடி மேல்காற்றில் கிளை முறியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமெங்கும் கம்பளிப்பூச்சி மொய்க்கும். அந்த நாள்களுக்கென்று புரட்டாசியிலேயே இலையை நிழலில் உலர்த்தி, வறுத்த எள்ளும் உளுந்தும் மிளகாயும் சேர்த்துப் பொடித்து வைக்கிறேன். சோற்றில் பிசைந்து உண்பதால் மாத்திரையைப்போல் ஒரு கிராமோடு நின்றுவிடுவதில்லை.

விடுதியில் தங்கியிருக்கும் மகளைப் போன்றோருக்கு மாத்திரை வசதிதான். இரண்டு மாதத்தில் என் இரத்த அளவு சிறிது உயரவும் செய்தது; ஆனால் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அப்போது உட்கொண்டதால், அதை முருங்கையின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர்கள், கீரையை வழக்கம்போல் உண்டாலும், மாத்திரையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.