ஆர் மொழியில் வகை மாற்றம்: அதே பெயரா, புதுப் பெயரா?

ஆர் (R) என்பது தரவுகளை அலசப் பயன்படும் நிரல் மொழி. அதில், எழுத்தாக வந்த வயதை எண்ணாக மாற்ற வேண்டும். விடையை 'வயது' என்ற அதே பெயரில் திரும்பப் போடலாம். இல்லையென்றால் 'வயது_எண்' என்று புதிதாக வைக்கலாம்.

அதே பெயர் என்றால் வேலை சுருக்கம், பெயர்களும் பெருகாது. ஆனால் யாரோ "25 வயது" என்று தட்டச்சு செய்த கட்டம் என்ஏ (NA, அதாவது மதிப்பு இல்லை) ஆகிவிடும். எச்சரிக்கை வரும், எந்த வரியில் என்று சொல்லாது. பழையதுதான் போய்விட்டதே, எதில் தேடுவது?

ஃபேக்டர் (மதிப்புகளை 'நிலைகள்' என்ற வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைக்கும் அமைப்பு) இன்னும் ஆபத்து. "5", "10", "20" என்ற எழுத்துகளில் இருந்து செய்த ஃபேக்டரை நேராக, எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமெரிக் (as.numeric) கட்டளையில் கொடுத்தால் 3, 1, 2 வரும்! அவை எழுத்து வரிசைப்படி அமைந்த நிலைகளின் எண்கள். எச்சரிக்கைகூட இருக்காது. முதலில் எழுத்தாக மாற்றும் ஆஸ்.கேரக்டர் (as.character), அப்புறம்தான் ஆஸ்.நியூமெரிக். (2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, கோப்பைப் படிக்கும்போது எழுத்துகள் தானாக ஃபேக்டர் ஆவதில்லை. பெரிய நிம்மதி.)

புதுப் பெயரில் வைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நினைவகமா? 10 லட்சம் எண்களுக்குச் சுமார் 8 எம்பிதான். நான் எப்போதும் புதுப் பெயர்தான் வைக்கிறேன்; சரிபார்த்த பிறகே பழையதை நீக்குவேன்.