சேலம் அம்மாப்பேட்டையில் பழைய சாயப்பட்டறைக் கிணற்றைத் தூர்வார ஆள் வைத்த கதை

அப்பாவின் சாயப்பட்டறை 11 வருடமாகப் பூட்டியே கிடந்தது. சுத்தம் செய்து தறி போட வாடகைக்கு விடலாம் என்று கிணறு தூர்வாருபவர்களைக் கூப்பிட்டேன். 4 பேர், 2 நாள், 18 ஆயிரம் ரூபாய். அவர்கள் வேலைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன்.

இறைப்பதும் அள்ளுவதும் குறை சொல்ல முடியாத வேலை. அடியில் வண்டல் மை மாதிரி கறுப்பு. மண்வெட்டி பட்ட இடத்தில் நீலமும் அரக்கும் கோடு கோடாகத் தெரிந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. மேஸ்திரி கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, "அணையலைக்கா, இறங்கலாம்" என்றார். நான் விடவில்லை. மூச்சுக்காற்று குறைந்தால்தான் விளக்கு அணையும். அந்த நாற்றத்தோடு வரும் விஷவாயு அதற்குத் தெரியாது. முனகிக்கொண்டே போய்க் காற்றடிக்கும் இயந்திரம் கொண்டுவந்தார். நாம் கேட்காவிட்டால் அப்படியே இறங்கியிருப்பார்கள்.

அப்புறம் வண்டல். "ஆத்தோரம் கொட்டிரலாங்க்கா, எல்லாரும் அங்கதான் கொட்டறாங்க." திருமணிமுத்தாற்றைச் சொல்கிறார். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் ஆறு, ஊருக்குள் சாயமும் சாக்கடையுமாகப் போகிறது. அதில் எங்கள் தொட்டித் தண்ணீரும் எத்தனையோ வருடம் கலந்ததுதான். மறுபடியும் வேண்டாம் என்று மூட்டை கட்டச் சொன்னேன். கூலி கூடக் கேட்டார், கொடுத்தேன்.

ஊறி வந்த புதுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. "குடிக்கலாங்க்கா" என்றார் மேஸ்திரி. சந்தேகத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். லிட்டருக்கு 2,900 மில்லிகிராம் கரைந்த உப்பு! 500க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். பருத்தி நூலில் சாயம் ஏற அப்பா மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார். கழிவில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் அடியில் தங்கிவிடும். உப்பு தங்காது, தண்ணீரோடு மண்ணுக்குள் போய்விடும். தூர்வாரி அதை எடுக்க முடியாது. வாடகைக்கு வருகிறவரிடம் கை கழுவ மட்டும் என்று சொல்லித்தான் விடப்போகிறேன்.

சரி, தூர்வார மட்டும் என்றால் இவர்களைக் கூப்பிடலாம். கூடவே நின்று பாருங்கள். வண்டல் 26 மூட்டை வந்தது. எங்கே அனுப்புவது என்று கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை மழை படாமல் பட்டறைக்குள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.