ரேடியோஹெட்டின் 'கிட் ஏ': கிடார் எங்கே போச்சு?

பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் இந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர்களுடைய முந்தைய ஆல்பம் 'ஓகே கம்ப்யூட்டர்' கிளப்பிய பசியோடு உட்கார்ந்தவனுக்கு, கிடார் இருக்க வேண்டிய இடத்தில் மின்பியானோவும் துண்டுதுண்டாக வெட்டிய குரலும் வந்தால் கடுப்பாகாதா? 2000 அக்டோபரில் வெளிவந்தபோது விமர்சகர்களும் இரண்டு கட்சியாகத்தான் பிரிந்தார்கள். ஆனாலும் சிங்கிள் (தனிப்பாட்டு) ஒன்றுகூட வெளியிடாமல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம், அடுத்த வருடம் கிராமி.

எனக்குக் கதவைத் திறந்தது மூன்றாவது பாட்டு, 'தி நேஷனல் ஆந்தம்'. குழுவின் பாடகர் தாம் யார்க் வாசித்த ஒரே பேஸ் கிடார் வரி விடாமல் சுற்றிச்சுற்றி வரும். அதன்மேல் ஊதுவாத்தியக் கோஷ்டி நெரிசலில் மாட்டிய வண்டிகள் மாதிரி அலறும். ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும், சத்தமாக. இதே ஆல்பத்தின் 'ட்ரீஃபிங்கர்ஸ்' மட்டும் இன்றுவரை எனக்குத் தூக்க மாத்திரை.