தைராய்டு கட்டிக்கு எந்த ஊசி?

கடலூர் சித்திக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஊரிலேயே ஊசி டெஸ்ட் எடுத்தார்கள். விரலால் கட்டியைப் பிடித்துக்கொண்டு குத்தியதோடு சரி, ஸ்கேன் இல்லை. ரிப்போர்ட்டில் 'பெத்தஸ்டா 1' என்றிருந்தது. தைராய்டு ஊசி டெஸ்ட் முடிவை ஆறு வகையாகப் பிரிக்கும் முறைதான் பெத்தஸ்டா. ஒன்றாம் நம்பர்தானே, ஒன்றுமில்லை என்று சித்தி ஃபைலை மூடிவிட்டார். உண்மையில், வந்த செல் போதவில்லை, எதுவும் சொல்ல முடியாது என்று அர்த்தம். பத்துப் பத்து செல்லாக ஆறு கொத்தாவது இருந்தால்தான் பொதுவாகப் பதில் சொல்வார்கள்.

அடுத்த தடவை பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனோம். இங்கே ஸ்கேன் பார்த்தபடியே குத்தினார்கள். "எச்சில் விழுங்காதீங்கம்மா" என்றார் டாக்டர். திரையில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளியாய்க் கட்டிக்குள் இறங்குவது எனக்கே தெரிந்தது. நீர் தேங்கிய பக்கத்தை விட்டுவிட்டுக் கெட்டியான பக்கத்தில் எடுத்தார். ஊசி அதே மெல்லிய ஊசிதான், ஆனால் கை குருட்டாம்போக்கில் போகவில்லை. என்னைக் கேட்டால் பெரிய வித்தியாசமே இதுதான்.

மூன்றாவது வழி கோர் பயாப்ஸி. 18 முதல் 21 கேஜ் வரையுள்ள தடித்த ஊசி. நம்பர் குறையக் குறைய ஊசி பருக்கும். மரக்கவைத்துத்தான் எடுப்பார்கள். செல்லுக்குப் பதில் சதைத்துணுக்கே வருவதால் 'போதவில்லை' என்ற பதில் குறைவு. ரத்தக்கசிவு பயம் கொஞ்சம் கூடுதல். மெல்லிய ஊசி திரும்பத் திரும்பக் கைவிட்டாலோ, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) சந்தேகம் இருந்தாலோ இதற்குப் போகலாம். எடுத்த எடுப்பில் வேண்டாம்.

சரி, பதில் வந்தால் எவ்வளவு நம்பலாம்? 2023 பெத்தஸ்டா பதிப்பின்படி, 'புற்று' என்று வந்த 100 பேரில் சராசரியாக 97 பேருக்கு அது உண்மை. 'சாதாரணக் கட்டி' என்று வந்தவர்களில் புற்று இருப்பது சுமார் 4 பேருக்கு. சிக்கல் நடுவில் இருக்கிறது. நான்காம் வகையான ஃபாலிகுலர் கட்டியில் (தைராய்டின் நுண்பை செல்களில் வளர்வது) புற்றும் சாதாரணமும் செல்லில் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு சோறு பதம் சொல்லும், பானையில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லாது. கோர் ஊசியும் இங்கே பெரும்பாலும் கைவிரிக்கும். அறுவை செய்து உறையை முழுசாகப் பார்த்தால்தான் தெரியும்.

சித்திக்கு இரண்டாம் வகை, அதாவது 'சாதாரணக் கட்டி' என்று வந்தது. ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் மட்டும் எடுக்கச் சொன்னார்கள். "ரெண்டுன்னா ஒண்ணை விட மோசமில்லையா?" என்று பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.