பிரதியிடலா, நீக்கலா?

இரு மாறிகளில் அமைந்த ஒருங்கமை நேரிய சமன்பாடுகளைத் தீர்க்க அமரும் மாணவர், பிரதியிடும் முறையா (ஒரு மாறியை மற்றதன் வழியே எழுதி அடுத்த சமன்பாட்டில் இடுவது), நீக்கல் முறையா (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை ஒழிப்பது) என்று முதல் வரியிலேயே தயங்குவதுண்டு. பேனாவின் விலையை ப என்றும் நோட்டின் விலையை ந என்றும் கொள்வோம்.

வேகம்: ந = ப + 30, 3ப + 4ந = 190 எனில், முதலாவதை இரண்டாவதில் பிரதியிட்டதும் 7ப + 120 = 190 ஆகி, ப = 10, ந = 40 என விடை வந்துவிடும்; இங்கே நீக்கல் முறை வீண் சுற்று. ஆனால் 3ப + 4ந = 190, 5ப + 6ந = 290 என்று வந்தால், பிரதியிடும்போது பின்னம் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும்; நீக்கல் முறையிலோ முதலாவதை 3ஆலும் இரண்டாவதை 2ஆலும் பெருக்கி, 10ப + 12ந = 580 என்பதிலிருந்து 9ப + 12ந = 570 என்பதைக் கழித்தால், ப = 10 என நேராகவே கிடைக்கிறது.

பிழை: பிரதியிடலில் அடைப்புக்குறியை மறப்பார்கள், நீக்கலில், கழிக்கும்போது எல்லா உறுப்புகளின் குறியையும் மாற்றாமல் விடுவார்கள். இரண்டாவதுதான் மதிப்பெண்ணை அதிகம் தின்கிறது என்பது என் எண்ணம்.

சரிபார்த்தல்: விடையை இரு சமன்பாடுகளிலும் இட்டுப் பார்ப்பதுதான்; இரண்டு முறைகளுக்கும் அது ஒன்றே.

ஆகவே, ஏதேனும் ஒரு மாறியின் கெழு (மாறியைப் பெருக்கும் எண்) 1 அல்லது −1 என்றிருந்தால் பிரதியிடலாம். இல்லையெனில், குறிப்பாக மாறிகள் மூன்றாகிவிட்டால், நீக்கல் முறையே ஏற்றது.