குளிரா, ரசாயனமா? இறந்தபின் காத்திருக்க இரண்டு வழிகள்

என்றைக்காவது எழுப்பிவிடுவார்கள் என்று நம்பி உடலைப் பத்திரப்படுத்த இன்று இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று, பழைய கிரையோனிக்ஸ். ரத்தத்தை வெளியேற்றி, பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் திரவத்தை ஏற்றி, கண்ணாடி போல இறுகும்படி குளிரவைப்பது. இன்னொன்று, திசுவை அப்படியே இறுக்கிவைக்கும் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தை ஏற்றி மூளையை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, அப்புறம் குளிரவைப்பது.

நுண்ணோக்கியை மட்டும் நம்பினால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். இந்த முறையில் காத்த பன்றி மூளையில் நரம்பு இணைப்புகள் தெளிவாகத் தெரிந்தன. 2018இல் பரிசும் கிடைத்தது. முதல் முறையில் மூளை தண்ணீரை இழந்து சுருங்கிப்போகிறது. ஆனால் குளூட்டரால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அந்தத் திசு மறுபடி உயிர்பெறாது. இணைப்புகளைப் படித்துக் கணினியில் ஒரு மனதை ஓட்டலாம் என்பதுதான் அங்கே உள்ள கனவு. அதில் டாக்டருக்கு என்ன வேலை? இதைத் தொழிலாக்க வந்த நெக்டோம் நிறுவனத்துடனான தொடர்பை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அதே 2018இல் முறித்துக்கொண்டது.

கிரையோனிக்ஸின் உறவுக்கார நுட்பங்களோ ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குள் இருக்கின்றன. கருத்தரிப்பு மையங்களில் கருமுட்டையும் கருவும் இதே கண்ணாடி நிலையில்தான் திரவ நைட்ரஜனில் கிடக்கின்றன. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 100 நாள் வரை உறைநிலையில் வைத்த எலிச் சிறுநீரகங்களைச் சூடாக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன. உறுப்புக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ஏற்றி, காந்தப்புலத்தால் உள்ளிருந்தே சீராகச் சூடாக்கியதுதான் சூட்சுமம். மெதுவாகச் சூடேறினால் பனி உருவாகும், ஏற்றத்தாழ்வாகச் சூடேறினால் விரிசல் விழும்.

இதை வைத்து மருத்துவம் கிரையோனிக்ஸை ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. குளிரில் உயிர்த்திசுக்கள் என்னாகின்றன என்று ஆராயும் விஞ்ஞானிகளின் உறைநிலை உயிரியல் சங்கம் 1982இலேயே, இறந்தவர்களை உறையவைப்போருக்கு உறுப்பினர் தகுதி இல்லை என்று விதி போட்டது. 2018 அறிக்கையிலும் அதை அறிவியல் என்று ஏற்கவில்லை. 2016இல், இறந்தபின் தன்னை உறையவைக்கக் கேட்ட 14 வயதுச் சிறுமியின் வழக்கில் லண்டன் நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் சிலர் அங்கீகாரமாகக் காட்டுகிறார்கள். அது அம்மா முடிவெடுக்கலாமா, அப்பாவா என்பது பற்றிய தீர்ப்பு. முறை பலிக்குமா என்பது பற்றியது அல்ல.

கிரையோனிக்ஸுக்குள்ளேயே விலைப் போட்டியும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனாவின் ஆல்கார் நிறுவனம் முழு உடலுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கேட்கிறது. மிச்சிகனின் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 28,000 டாலரில் முடிந்துவிடும். பெரிய வித்தியாசம், மரணப் படுக்கையருகே காத்திருக்கும் குழு: ஆல்கார் கட்டணத்தில் அது உண்டு, மிச்சிகனில் தனியாகக் காசு கட்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இதயம் நின்றபின் ஒவ்வொரு நிமிடமும் மூளை கெடுவதால், என் கணக்கில் மலிவான வழி மலிவே இல்லை. ஆல்காரில் உடல்களைத் தலைகீழாகத்தான் நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் மட்டம் குறைந்தாலும் தலை கடைசியாகத்தான் உருகும் என்ற முன்யோசனை.

இரண்டில் குளிர்வழிக்கே மருத்துவமனைக் கதவு திறக்கும் என்பது என் கணிப்பு, அதுவும் உறுப்புகளுக்காக மட்டும். தானம் பெற்ற சிறுநீரகம் ஐஸில் ஒன்றரை நாள் தாங்கினாலே பெரிது. அறுவை மருத்துவர்களின் அவசரம் அங்கேதான் இருக்கிறது.