மைக் கேபிள்: பி-38 ஜாக்கா, எக்ஸ்எல்ஆரா?

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்கு மைக் கேபிள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, இருமுனையிலும் பி-38 மோனோ ஜாக்கை (தடித்த ஒற்றை ஊசிச் செருகி) ரப்பரோடு வார்த்துக் கடையில் தொங்கும் ஆயத்தக் கேபிள். மற்றது, இரண்டு கம்பியும் பின்னல் கவசமும் உள்ள கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, எக்ஸ்எல்ஆர் பின்களை (மூன்று ஊசிகள் உள்ள வட்டமான செருகிகள்) நாமே சால்டர் செய்வது. நான் இரண்டாவதையே எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரைச்சல் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். மைக் தருவது சில மில்லிவோல்ட். மோனோ ஜாக்கில் ஒரு கம்பியும் கவசமும் மட்டுமே. வழியில் கரண்ட் கம்பிகளிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் பாட்டோடு சேர்ந்தே பெருகும். எக்ஸ்எல்ஆரில் 2, 3ஆம் ஊசிகள் ஒரே ஒலியை எதிரெதிராகச் சுமக்கின்றன. இரண்டிலும் ஒன்றுபோல் ஏறிய இரைச்சலை மிக்ஸர் கழித்துவிடுகிறது. ஐந்தாறு மீட்டருக்குள் கீபோர்டுக்கு பி-38 போதும். மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை இழுக்க அது ஆகாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பழுதுபார்ப்பு. கேபிள் நடுவில் அறுவது அரிது. பின்னின் கழுத்தில்தான் போகும். வார்த்த ஜாக்கைத் திறக்க வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். எக்ஸ்எல்ஆரின் வால்பகுதியைத் திருகினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அங்குள்ள பிடிப்பான் கேபிளின் மேல்தோலையே கவ்வுவதால், யாராவது காலில் இடறி இழுத்தாலும் இழுவை சால்டருக்குப் போகாது. பழுது எதுவென்று ஒலியே சொல்லிவிடும்: சத்தம் குறைந்து மெலிந்தால் 2 அல்லது 3ஆம் கம்பி, சாதாரண டைனமிக் மைக் பாடிக்கொண்டே உறுமினால் கவசம், 48 வோல்ட் வேண்டும் கண்டென்சர் மைக் அடியோடு ஊமையானால் எந்தக் கம்பியாகவும் இருக்கலாம், மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு முனையின் ஊசி ஒவ்வொன்றையும் தொட்டால், மறுமுனையின் அதே எண் ஊசியோடு மட்டும் மல்டிமீட்டர் ஒலிக்க வேண்டும்.

சால்டர் வைக்கும்போது அதோடு பொருந்தும் எதிர்ப் பின்னைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் கோணாது. வெள்ளீயம் பளபளவென்று ஓடிப் பரவ வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் சில மாதத்தில் கரகரப்பு நிச்சயம்.

முதல் செலவு எக்ஸ்எல்ஆருக்கே கூடுதல். பிறகு பழுதானால் ஒரு பின் விலையோடு போய்விடும். நான்கு கம்பி ஸ்டார் குவாட் கேபிள் காந்தப்புல இரைச்சலை இன்னும் நன்றாகத் தடுக்கும். எங்கள் மண்டபத்தில் அதற்குத் தேவை எழவில்லை. ஆகவே அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஏதுமில்லை.

வாங்குமுன் ஆம்ப்ளிபையரின் பின்புறத்தைப் பாருங்கள். பி-38 மோனோ துளை மட்டுமே இருந்தால், எக்ஸ்எல்ஆர் கேபிளை அதன் அருகில் ஒரு மைக் டிரான்ஸ்பார்மரில் (எக்ஸ்எல்ஆரின் இரு கம்பி ஒலியை மோனோவாக மாற்றும் சிறு கருவி) முடித்து, அங்கிருந்து சிறு துண்டால் இணையுங்கள். அப்படியும் உறுமினால் மிக்ஸரையும் ஆம்ப்ளிபையரையும் ஒரே பிளக் பாயிண்டில் போடுங்கள். கரண்ட் எர்த்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். மைக்கைப் பிடிப்பவர் உயிருக்கு ஆபத்து.